மலை உச்சியில் ஓர் ஆடு

விடியற்காலை நேரம். விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்ட ஒரு வள்ளம் கடலில் நிற்கிறது. வள்ளத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். கூடவே அவருடைய பேரனும் இருக்கிறான்.

முதியவர் கரையைப் பார்க்கிறார். கலங்கரை விளக்கு தெரிகிறது. அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், நீல நிறத்தில் மலை தெரிகிறது. கரையில் உள்ள ஓர் அடையாளமும் மலையில் உள்ள ஓர் அடையாளமும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதுபோல வேறு திசையில் இன்னொரு கோடும் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால், கீழே பார் இருக்கும். பார் என்றால் கடலடிப் பாறை. மீன் கூடும் இடம். இப்படி இடம் கண்டுபிடிப்பதற்குக் கணிச்சம் என்று பெயர். விழிஞ்ஞத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பேரன் மலையைக் காட்டிக் கேட்கிறான்.

"பாட்டா, அந்த மலையில யாரு இருக்கா?"

"ஆனை உண்டு. புலி உண்டு. உச்சிப் பாறையில வரையாடு உண்டு, மக்களே."

"ஆடா? அவ்வளவு உயரத்துல ஆட்டை யாரு கட்டி வளக்கா?"

முதியவர் சிரித்தார். "யாரும் கட்டி வளக்கல்ல. அது காட்டு ஆடு. கட்டிப் போட்டா செத்துப் போவும்."

வரையாட்டைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பெயர்

வரை என்றால் மலை. செங்குத்தான பாறைச் சரிவு என்றும் பொருள் உண்டு. வரையில் வாழும் ஆடு வரையாடு. மலையாளத்திலும் இதே பெயர்தான். பழைய தமிழ்ப் பாடல்களில் இதை வருடை என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இதை முதலில் நீலகிரியில் பார்த்து எழுதியதால், நீலகிரி தார் என்று ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நீலகிரியில் மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றும். அது சரியல்ல. நீலகிரி முதல் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இது அங்கங்கே வாழ்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இந்த விலங்கு இல்லை. தமிழ்நாட்டு அரசின் மாநில விலங்கும் இதுவே.

விழிஞ்ஞத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில் அகத்தியர்கூடம் இருக்கிறது. அதன் உயரம் 1868 மீட்டர். அந்த மலைத் தொடரிலும் வரையாடுகள் உண்டு. பொன்முடிப் பக்கத்தில் வரையாட்டுமொட்டை என்று ஒரு குன்றே இருக்கிறது. மொட்டை என்றால் மரம் இல்லாத பாறை உச்சி. அந்த ஆடு அங்கே திரிவதைப் பார்த்துத்தான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எப்படி இருக்கும்?

வீட்டு வெள்ளாட்டைவிட இது பெரியது. நன்றாக வளர்ந்த கிடா 100 கிலோ வரை எடை இருக்கும். பெட்டை அதில் பாதி இருக்கும். இரண்டுக்கும் கொம்பு உண்டு. கொம்பு மேலே எழுந்து பின்பக்கமாக வளையும். கிடாவின் கொம்பு தடிப்பாக இருக்கும். வெள்ளாட்டுக் கிடாவுக்கு இருப்பது போன்ற தாடி இதற்குக் கிடையாது.

பெட்டையும் குட்டியும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். பாறையின் மேல் படுத்துவிட்டால் பாறை எது, ஆடு எது என்று தெரியாது. கிடா வயதாக ஆகக் கறுத்துக்கொண்டே போகும். முதுகில் மட்டும் வெளுத்த திட்டு ஒன்று விழும். குதிரையின் முதுகில் சேணம் போட்டது போல இருக்கும். அந்தத் திட்டை வைத்தே இது வயது வந்த கிடா என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

பார்த்தால் வெள்ளாடு போல இருக்கிறது. ஆனால் 2005 வாக்கில் விஞ்ஞானிகள் இதன் மரபணுவைச் சோதித்தார்கள். மரபணு என்பது தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்குறிப்பு. இமயமலையிலும் தார் என்ற பெயரில் ஒரு காட்டு ஆடு உண்டு. அதுதான் வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். சோதனையில் வேறு விதமாகத் தெரிந்தது. வரையாடு செம்மறி ஆட்டுக்குத்தான் அதிக நெருக்கம். முகத்தைப் பார்த்துச் சொந்தம் சொன்னால் இப்படித்தான் சில சமயம் தவறிப் போகும்.

ஓடித் தப்புவதும் ஏறித் தப்புவதும்

தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே வெளிமான் வாழ்கிறது. வெட்ட வெளியில் வாழ்வதால் அதற்கு வெளிமான் என்று பெயர். எதிரி வந்தால் அது ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கூட ஓடும். சமவெளியில் உயிர் பிழைக்க வேகம் போதும்.

மலையில் வேகம் மட்டும் போதாது. சிறுத்தை, புலி, செந்நாய் மூன்றும் வரையாட்டைத் தின்னும். செந்நாய் கூட்டமாக வந்து விரட்டும். ஓட்டத்தில் அவற்றை வெல்வது கடினம். ஆகவே வரையாடு ஓடிக்கொண்டே இருக்காது. பக்கத்தில் உள்ள செங்குத்தான பாறைக்குப் போய்விடும். அங்கே கால் வைக்க நாலு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். நின்றுவிடும். செந்நாய் அந்த இடத்துக்கு வந்தால் வழுக்கி விழும்.

சிப்பி எடுக்கப் பாறையில் இறங்குகிறவர்களுக்கு ஈரப்பாறையைப் பற்றி நன்றாகத் தெரியும். கால் விரலைப் பாறையில் குத்தி ஊன்ற வேண்டும். உள்ளங்காலும் பாறையில் படிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஆள் கீழே போவான். வரையாட்டின் குளம்பும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. குளம்பின் ஓரம் கெட்டியாகவும் கூர்மையாகவும் இருக்கும். அது பாறையின் சிறு வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். குளம்பின் நடுப்பகுதி ரப்பர் போல மெத்தென்று இருக்கும். அது பாறையில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால், பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பிளவு விரியும், சுருங்கும். கால்கள் குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். உடம்பு கனமாக இருந்தாலும் நிலை தவறாது.

இதனால் வரையாட்டுக்கு ஒரு கட்டாயம் ஏற்படுகிறது. பாறையைவிட்டு அது வெகுதூரம் போக முடியாது. மேய்வதற்குப் புல் வேண்டும். ஓடி ஒளிவதற்குப் பக்கத்திலேயே செங்குத்துப் பாறை வேண்டும். புல் மட்டும் இருந்தாலும் வாழாது. பாறை மட்டும் இருந்தாலும் வாழாது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இடம் மலையின் உச்சியில்தான் கிடைக்கும். பெரும்பாலும் 1200 மீட்டருக்கு மேல் உள்ள இடங்கள் அவை.

ஒரு நாள் வாழ்க்கை

காலையில் மேயும். மாலையில் மேயும். வெயில் ஏறினால் பாறைமேல் போய்ப் படுத்து அசை போடும். மாட்டைப் போல இதற்கும் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. வேகமாக மேய்ந்து முதல் அறையில் போட்டுக்கொள்ளும். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு அதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். எதிரி நடமாடும் இடத்தில் அதிக நேரம் நின்று மெல்ல வேண்டியதில்லை அல்லவா? புல்லே முக்கிய உணவு. சில செடிகளின் தழையையும் கடிக்கும்.

மந்தை படுத்திருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கண் மூடுவதில்லை. ஒன்று விழித்திருக்கும். பெரும்பாலும் அது வயதான பெட்டையாக இருக்கும். மேடான இடத்தில் நின்று சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்குக் கண்பார்வை மிகவும் கூர்மை. ஏதாவது அசைந்தால் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம் கொடுக்கும். அவ்வளவுதான், மொத்த மந்தையும் எழுந்து பாறைக்குப் போய்விடும்.

மந்தையில் பெட்டைகளும் குட்டிகளும் இருக்கும். வளர்ந்த கிடாக்கள் ஆண்டில் பெரும்பகுதி தனியாகவோ, தங்களுக்குள் சிறு கூட்டமாகவோ திரியும். மழைக்காலம் வந்ததும் பெட்டைகள் இருக்கும் மந்தைக்கு வந்து சேரும்.

ஆனி, ஆடி மாதங்களில் விழிஞ்ஞம் துறைமுகம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற கரைகளில் அலை அடித்து வள்ளம் இறக்க முடியாது. அந்த ஊர் வள்ளங்களும் இங்கே வரும். துறைமுகம் நிறைந்துவிடும். கடலில் அந்தக் காற்றைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவமழைதான் மலையிலும் கொட்டுகிறது. அந்த மழையிலும் மூடுபனியிலும்தான் வரையாடுகள் ஜோடி சேரும். கிடாக்கள் ஒன்றோடொன்று மோதும். தலையோடு தலை முட்டும். பக்கத்தில் பக்கமாக நின்று கொம்பால் இடிக்கும். தோற்ற கிடா விலகிப் போகும்.

சினை 6 மாதம். ஆடி மாதத்தில் சினைப்பட்டால் எந்த மாதத்தில் குட்டி போடும்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தை மாதம். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் காலம். மழையிலும் குளிரிலும் பிறக்கும் குட்டி பிழைப்பது கடினம். ஆகவே குட்டி பிறக்கும் காலம் தை, மாசி என்று அமைந்திருக்கிறது. வழக்கமாக ஒரு குட்டிதான். வீட்டு ஆடு 2 குட்டி, 3 குட்டி போடும். வரையாட்டுக்கு அந்தப் பழக்கம் அரிது. பிறந்த சில நாட்களிலேயே குட்டி தாயின் பின்னால் பாறையில் ஏறத் தொடங்கும். ஆனாலும் முதல் ஆண்டைத் தாண்டாத குட்டிகள் நிறைய. சிறுத்தை பிடிக்கும். நோய் வரும். கால் தவறி விழுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒன்றே பிறந்து, அதிலும் பல செத்துப் போனால், ஒரு மந்தை பெருகுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? ஒரு முறை குறைந்துவிட்டால், திரும்பக் கூடுவது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

மரம் நட்டதால் வந்த கேடு

மரம் நடுவது நல்லது என்று படித்திருக்கிறோம். ஊரெல்லாம் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த மரம், எந்த இடம் என்று பார்க்க வேண்டும். வரையாட்டின் கதையில் மரமே எதிரியாக வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் இயற்கையாகவே மரம் குறைவு. சரிவு முழுவதும் புல். பள்ளங்களில் மட்டும் அடர்ந்த காடு. இந்தப் பள்ளக் காட்டைச் சோலை என்பார்கள். சோலையும் புல்லும் சேர்ந்துதான் அந்த மலை. பல்லாயிரம் ஆண்டுகளாக அது அப்படித்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் புல்வெளி வெறும் இடமாகத் தெரிந்தது. தேயிலை போட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் மரத்தையும், சீகை என்று நீலகிரி மக்கள் சொல்லும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். யூகலிப்டஸ் விறகுக்கு. சீகைப் பட்டை தோல் பதனிடுவதற்கு. நாடு விடுதலை அடைந்த பிறகும் இது நிற்கவில்லை. தொழிற்சாலைகளுக்கு மரம் வேண்டும் என்று நம் அரசுகளே இன்னும் அதிகமாக நட்டன. சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை பரவி, நடாத இடத்திலும் முளைத்தது. மரத்தின் நிழலில் புல் செத்தது. புல் இல்லாத இடத்தில் வரையாடு என்ன செய்யும்? மரத்துக்குள் நுழைந்தால் தூரம் பார்க்க முடியாது. பதுங்கி வரும் சிறுத்தை தெரியாது. ஆகவே அந்த இடத்தைவிட்டே விலகிப் போனது.

வெளியூரிலிருந்து ஒருவர் கடற்கரைக்கு வருகிறார். மணலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே" என்கிறார். அந்த மணலில்தான் வலை காய்கிறது, மீன் உலர்கிறது, கரமடி இழுக்கிறார்கள், வள்ளம் ஏற்றுகிறார்கள். அது அவருக்குத் தெரியாது. மலை உச்சிப் புல்வெளிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அங்கே பிழைப்பு நடத்தியவர்கள் வாய் பேசாதவர்கள் என்பது மட்டும் வேறு.

புல்வெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழையையும் மூடுபனியையும் பிடித்து மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்த நீர் சோலைக்குள் கசிந்து ஓடையாகிறது. நெய்யாறும் கரமனையாறும் அகத்தியர் மலைப் பக்கத்திலிருந்துதான் இறங்கி வருகின்றன. கரமனையாற்றில் அருவிக்கரையில் அணை கட்டித்தான் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறார்கள்.

தனித் தனித் தீவுகள்

வேட்டையும் வரையாட்டைக் குறைத்தது. துரைமார்கள் கொம்புக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் சுட்டார்கள். இறைச்சிக்காகக் கண்ணி வைத்தவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் வரையாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. வேட்டை பெரிதும் குறைந்தது.

ஆனால் இடம் துண்டு துண்டாகிவிட்டதே, அதை எந்தச் சட்டத்தால் ஒட்ட வைப்பது? முன்பு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு வரையாடுகள் போய் வந்தன. இன்று நடுவில் தேயிலைத் தோட்டம். தார் சாலை. அணைக்கட்டு. ஊர். சீகைக் காடு. வரையாடு அதைக் கடந்து போகாது. ஆகவே ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவு போல ஆகிவிட்டது. கடலின் நடுவே தீவில் அகப்பட்டவர்களைப் போல, அந்தந்த மந்தை அங்கங்கேயே நிற்கிறது. சிறு மந்தையில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகும். பிறக்கும் குட்டிகள் வலுவிழக்கும். ஒரு நோய் வந்தாலோ, கோடையில் ஒரு பெரிய காட்டுத்தீ வந்தாலோ, அந்த மலையில் கடைசி ஆடும் போய்விடும். வேறு மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

இரவிகுளம்

ஓர் இடத்தில் மட்டும் கதை நல்லபடியாக நடந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அதன் அருகே இரவிகுளம் என்ற மலை மேடு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி அங்கேதான் இருக்கிறது. உயரம் 2695 மீட்டர்.

அந்த இடம் தேயிலைக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனித் துரைமார்கள் அதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். காவலுக்கு முதுவர் என்ற பழங்குடி மக்களை வைத்தார்கள். வேட்டைக்காகக் காத்த இடம்தான். ஆனாலும் தேயிலை போடாமல் விட்டதால் புல்வெளி பிழைத்தது. இப்படி ஒரு விசித்திரமும் நடந்திருக்கிறது.

1971இல் கேரள அரசு ஒரு சட்டம் போட்டுக் கம்பெனியிடமிருந்து நிலத்தைத் திரும்ப எடுத்தது. எடுத்த நிலத்தை வேளாண்மைக்குக் கொடுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். நிலம் இல்லாத மக்கள் இருக்கும் நாட்டில் அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரவிகுளத்தையும் பிரித்துக் கொடுத்திருந்தால், வரையாட்டின் மிகப் பெரிய கூட்டம் அன்றே முடிந்திருக்கும். பலரும் எடுத்துச் சொன்னார்கள். 1975இல் அரசு அதைச் சரணாலயம் ஆக்கியது. 1978இல் தேசியப் பூங்கா ஆக்கியது. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே காவலிலும், புல்வெளியைத் தீயிலிருந்து காக்கும் வேலையிலும் முதுவர்களின் பங்கு பெரிது.

பூங்காவில் இராஜமலை என்ற இடத்துக்கு மக்கள் போய்ப் பார்க்கலாம். வரையாடுகள் சாலை ஓரத்திலேயே மேயும். மனிதரைக் கண்டு பயப்படாது. பலர் தொடப் போவார்கள். தின்பண்டம் நீட்டுவார்கள். அது கூடாது. ஒவ்வோர் ஆண்டும் குட்டி பிறக்கும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் மலை முழுவதும் தாய்க்கும் குட்டிக்கும் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் நீலகிரியில் உள்ள முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கேயும் முக்கிய நோக்கம் வரையாடுதான். ஈ.ஆர்.சி. தாவிதார் என்பவர் நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர். 1975இல் வரையாடுகளைப் பற்றி ஆராய்ந்து கணக்கெடுத்தவர். சம்பளத்துக்காகச் செய்த வேலை அல்ல. ஆசையால் மலை மலையாக ஏறினார். அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாட்டு அரசு வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது. 2023இல் வரையாட்டுக்காக ஒரு தனித் திட்டத்தையும் தொடங்கியது. கணக்கெடுப்பது, சீகை மரத்தை அகற்றிப் புல்லை மீட்பது, ஆடு அழிந்து போன மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவது ஆகியவை அந்தத் திட்டத்தில் இருக்கின்றன.

எத்தனை இருக்கின்றன?

ஆடு மாநில எல்லையைப் பார்த்து மேய்வதில்லை. காலையில் கேரளத்தில் நிற்கும். மாலையில் தமிழ்நாட்டில் நிற்கும். இரண்டு மாநிலமும் தனித்தனி நாளில் எண்ணினால் ஒரே ஆட்டை இரண்டு முறை எண்ணிவிடலாம். அல்லது இரண்டு பேரும் விட்டுவிடலாம். ஆகவே 2025 ஏப்ரல் மாதம் 24 முதல் 27 வரை, இரண்டு மாநிலமும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின. வனத்துறை ஆட்கள் அதிகாலையில் மலை ஏறினார்கள். தங்களுக்குக் கொடுத்த பகுதியில் நடந்து, பார்த்து, எழுதினார்கள். கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று தனித்தனியாகக் குறித்தார்கள். எழுதத் தெரிந்தால்தான் இந்த வேலை முடியும்.

கேரளத்தில் 1365. தமிழ்நாட்டில் 1303. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2668 வருகிறதா? உலகம் முழுவதும் எண்ணினாலும் காட்டில் இருக்கும் வரையாடு இவ்வளவுதான். ஒரு பெரிய திருவிழாவுக்கு விழிஞ்ஞம் பள்ளியில் கூடும் மக்களைவிடக் குறைவு. அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலில் வைத்திருக்கிறது.

கேரளத்தின் 1365இல் 841 இரவிகுளத்தில் மட்டும் இருக்கின்றன. பாதிக்கு மேல். இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? ஓரிடத்திலாவது நிறைய இருக்கின்றன என்பது நல்லது. ஆனால் எல்லா வள்ளத்தையும் ஒரே இடத்தில் கட்டிப் போட்டால் பெருங்காற்று வரும் இரவில் தூக்கம் வராது. 2017இல் ஒக்கிப் புயல் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவேதான் அகத்தியர் மலை, வரையாட்டுமொட்டை போன்ற இடங்களில் உள்ள சிறு மந்தைகளைக் காப்பதும் முக்கியம். எண்ணிக்கையில் அவை கொஞ்சம்தான். ஆனால் இரவிகுளத்துக்கு ஏதாவது நேர்ந்தால், தெற்கே மிஞ்சி நிற்கப் போவது அவைதான்.

படித்தபின் பேசுங்கள்

வரையாடு ஏன் பாறையைவிட்டு வெகுதூரம் போவதில்லை? உங்கள் வீட்டு ஆட்டின் குளம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் எப்படி இருக்கிறது, நடுவில் எப்படி இருக்கிறது?

இந்தப் பாடத்தில் வரும் 4 மலைகளின் பெயரை எழுதுங்கள். அவற்றில் கடலிலிருந்து தெரியும் மலை எது? அதைக் கணிச்சத்துக்குப் பார்க்கும் பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், அந்த மலைக்கு அவர் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள்.

2668இல் இரவிகுளத்தின் 841ஐக் கழித்தால் மீதி எத்தனை?